கருப்புத் திராட்சையில் வெள்ளை ஒயின்

என் ஒயினைக் கடையில் வாங்கி ஊற்றிய சரக்கு என்று சொன்ன மனிதரை நான் முதலில் நன்றாக முறைத்தேன். அப்புறம்தான் பதில் சொன்னேன். என் சுபாவம் அப்படி.

மஸ்டாங் என்பது டெக்சாஸில் வேலிக்கு வேலி தானாகப் படரும் காட்டுத் திராட்சை. நல்ல கருப்பு. கடித்தால் பல் கூசும், வெறுங்கையால் பறித்தால் கருணைக்கிழங்கு நறுக்கியதுபோல அரிக்கும். நானும் என் கணவர் செழியனும் ரவுண்ட் ராக்கில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டே ஆஸ்டின் விமான நிலையத்துக்குத் தெற்கே இரண்டு ஏக்கர் வாங்கினோம். கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் அணைந்துபோன எரிமலை ஒன்றின் சாம்பல் மண். அங்கே மரத்துக்கு மரம் மஸ்டாங் கொடி. அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு பிரெஞ்சு ரகம் வை என்று பார்த்தவர் எல்லாம் புத்தி சொன்னார்கள். தானாக விளைவதைப் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை.

சிக்கல் தோலில் இருந்தது. மெஷினில் போட்டுப் பிழிந்தால் சாயமும் கடுப்பும் சேர்ந்து இறங்கின. ஒருநாள் எரிச்சலில் ஒரு பழத்தை விரலால் அழுத்தினேன். தோல் கையிலேயே நின்றது, வெளுத்த சதை வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. நான் சேலத்துக்காரி. ஊறவைத்த மொச்சையைப் பிதுக்காமல் எங்கள் வீட்டில் எந்த மார்கழியும் போனதில்லை. சரி, இதையும் பிதுக்கிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

நான்கு சனிக்கிழமை, என்னோடு சேர்த்து நான்கு பெண்கள். கையுறை மாட்டிக்கொண்டு, ஊர்வம்பு பேசிக்கொண்டு, கூடை கூடையாகப் பிதுக்கினோம். வேகத்தில் எங்களை எல்லாம் தூக்கிச் சாப்பிட்டவர் தர்மபுரி கண்மணி ஆன்ட்டி. இருபத்திரண்டு பாட்டில் தேறியது.

மறு வருடம் ஜூலையில், வீட்டில் ஒயின் செய்பவர்களுக்கான ஒரு போட்டிக்கு அதைக் கொண்டுபோனேன். சின்ன ஊர், சமூகக் கூடம், இருபது முப்பது பேர். உள்ளூர்த் திராட்சைப் பிரிவு. தலைமை நடுவர் தாடிக்காரர். ஒரு வாய் குடித்தார், கண்ணை மூடினார், இன்னொரு வாய் குடித்தார். பிறகு என்னை மேஜைக்குக் கூப்பிட்டார்.

ஒயின் பிரமாதம், அதுதான் சந்தேகமாக இருக்கிறது என்றார். இந்த உப்புச் சுவை எரிமலை மண்ணுக்கு உரியதாம். சிசிலித் தீவில் குடித்திருக்கிறாராம். மஸ்டாங்கில் இப்படி வெள்ளையாக வராதாம். ஆகவே இது வாங்கி ஊற்றியது, போட்டியிலிருந்து நீக்குகிறேன் என்று பேனாவை எடுத்தார்.

கூடமே என்னைப் பார்த்தது. எனக்குக் காது சுட்டது. தோற்றிருந்தால் வாயை மூடிக்கொண்டு வந்திருப்பேன். ஏமாற்றுக்காரி என்ற பெயரோடு வீட்டுக்குப் போக முடியாது.

எங்கள் நிலமும் எரிமலைதான் என்றேன். கூட வந்திருந்த செழியன் போனில் நிலவியல் வரைபடத்தைத் திறந்து நீட்டினார். நடுவர் பார்த்துவிட்டு, மண் சரி, நிறம் எப்படி என்றார். ஒவ்வொரு பழமாகக் கையால் பிதுக்கினோம் என்றேன். அவர் சிரித்தார். அத்தனை பழத்தை யார் உட்கார்ந்து பிதுக்குவார்கள் என்று கேட்டார்.

விறுவிறுவென்று வெளியே வந்தேன். அந்தக் கூடத்தின் வேலியிலேயே மஸ்டாங் பழுத்துத் தொங்கியது. ஆத்திரத்தில் கையுறைகூட இல்லாமல் ஒரு பை நிறையப் பறித்தேன். பக்கத்தில் எங்கள் கார். உள்ளே கண்மணி ஆன்ட்டி. கோயில் சமையலறைப் பொறுப்பு அவருடையது. ஒயின் விஷயத்தில் தன் பெயரே வரக் கூடாது என்று சொல்லி ஏசியைப் போட்டுக்கொண்டு காரிலேயே இருந்துவிட்டார்.

கண்ணாடியை இறக்கினார். "என்னாச்சு தாமரை? ஏன் முகம் இப்படி இருக்கு?"

"கடையில வாங்கி ஊத்தினேனாம் ஆன்ட்டி. டிஸ்குவாலிஃபை பண்ணப் போறாங்க. கையால யாரு பிதுக்குவாங்கன்னு சிரிக்கிறார்."

"நாலு வாரம் என் கட்டைவிரல் வீங்கிக் கிடந்துச்சு. அந்தாளு சிரிக்கிறாரா?" கதவைத் திறந்துகொண்டு இறங்கினார்.

நடுவர் மேஜையில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் இருந்தது. ஆன்ட்டி அனுமதி கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நான் பறித்து வந்த பழத்தைப் பிதுக்க ஆரம்பித்தார். பழம் போவதும் தெரியவில்லை, தோல் விழுவதும் தெரியவில்லை. ஐந்தே நிமிடத்தில் கிண்ணத்தில் பாதிக்கு வெளுத்த சதையும் சாறும். தாடிக்காரர் தானும் ஒன்றை எடுத்து அழுத்தினார். அது வெடித்து அவர் சட்டையில் தெறித்தது.

"மெதுவா சார், மெதுவா," என்றார் ஆன்ட்டி தமிழிலேயே.

இன்னொரு நடுவரான பெண்மணி கிண்ணத்திலிருந்து சதையைச் சுவைத்தார். உடனே என் ஒயினைக் குடித்தார். "இரண்டும் ஒரே பழம்தான்," என்று தாடிக்காரரைப் பார்த்துச் சொன்னார். அவர் என்னை நீக்குவதாக எழுதியிருந்த தாளைக் கிழித்தார். அரித்த கையைச் சொறிந்துகொண்டே மைக்கைப் பிடித்து, நான் இவர்களைச் சந்தேகப்பட்டது தவறு, தங்கப் பதக்கம் இந்த ஒயினுக்கு என்று அறிவித்தார்.

எனக்கு வந்த சந்தோஷத்தில் சத்தம் போட்டுச் சிரித்தேன். கூடம் எழுந்து கை தட்டியது. ஆன்ட்டி நைசாக வாசலுக்கு நழுவினார். கையைப் பிடித்துக்கொண்டேன்.

"விடு தாமரை, போட்டோ எடுக்கறாங்க. கோயில் கமிட்டில பாத்தாங்கன்னா என்ன நினைப்பாங்க?"

"நீங்க வரலன்னா நானும் மேடைக்குப் போக மாட்டேன் ஆன்ட்டி."

கையைத் துடைத்தார். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எனக்கு முன்னால் மேடை ஏறினார்.