அம்மா பக்கம், அப்பா பக்கம்

கார் கதவு திறக்கும் சத்தம் கேட்டாலே போதும், வாண்டு ஓடிப்போய் வாசல் கேட்டைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும். வயது நாலுதான். பிடி மட்டும் உடும்புப்பிடி.

காரணம் இல்லாமல் இல்லை. போன விடுமுறையில் மலைமேல் இருக்கும் ஏரியைப் பார்க்கக் கிளம்பினார்கள். பாதி மலை ஏறுவதற்குள் வளைவுக்கு வளைவு வாந்தி. துவண்டுபோன குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, ஏரியைப் பார்க்காமலே திரும்பினார்கள். அன்றிலிருந்து வாண்டுக்குக் கார் என்றாலே ஆகாது.

அந்த ஏரி வாண்டின் அம்மாவுடைய நெடுநாள் ஆசை. முகட்டில் கடைசி வளைவு திரும்பியதும் மொத்த ஏரியும் காலடியில் விரியுமாம். அவள் தொழில் கேக் செய்வது. விருந்துகளுக்கு மூன்றடுக்குக் கேக்கைத் தானே காரில் ஏற்றி, தானே ஓட்டிப்போய், ஒரு கீறல் விழாமல் இறக்கிவிட்டு வருவாள்.

கணவனுக்குக் காய்கறிக் கிடங்கில் வேலை. எந்த லாரி எந்த வழியில் போகவேண்டும் என்று முடிவு செய்பவன். ஒரு லாரி பாதி காலியாக ஓடினாலும் அவனுக்குச் சோறு இறங்காது. இந்த விடுமுறைக்கும் அதே கணக்கில் திட்டம் போட்டான். விடியுமுன் கிளம்பி அருவி, அணை, பூந்தோட்டம், ஏரி என்று எல்லாவற்றையும் ஒரே நாளுக்குள் திணித்திருந்தான். பக்கத்துத் தெருவிலிருந்து வந்த அவன் தங்கை அதைப் பொறுமையாகக் கேட்டாள்.

"எல்லாம் சரிண்ணா. இதுல புள்ள எப்ப மூச்சு விடணும்னு சொல்லவே இல்லியே?"

அவனுக்குச் சுருக்கென்றது. இந்தத் தடவையும் சரிப்படவில்லை என்றால், வாண்டு வளரும்வரை வெளியூர்ப் பயணம் என்ற பேச்சே வீட்டில் எழக்கூடாது என்று சொல்லிவிட்டான்.

மனைவி மல்லுக்கு நிற்கவில்லை. அடுத்து வந்த ஓய்வு நாளில் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்வந்தாள். வீண் பெட்ரோல் என்று அவன் முணுமுணுத்ததற்கு நிதானமாகப் பதில் வந்தது.

"புது ரோடுன்னா கேக்க ஏத்துறதுக்கு முன்னாடி காலி டப்பாவோட ஒரு தடவ போய்ப் பாக்குறேன்ல? நம்ம புள்ளைக்குப் பாக்க வேணாமாங்க?"

பார்த்துவந்ததையும் சொன்னாள். அவன் சொன்ன குறுக்குவழி செங்குத்து. ஆற்றையொட்டிப் போகும் பாதை சுற்று. ஆனால் வளைவுகள் அகலம், நின்று இளைப்பாற மரநிழலும் உண்டு. அருவியும் அணையும் எங்கேயும் ஓடிப்போகாது, ஏரி மட்டும் போதும் என்றாள்.

"அப்புறம் இன்னொண்ணு. நான் ஓட்டுனா எனக்குக் குமட்டவே மாட்டேங்குது. நீங்க ஓட்டுனா எனக்கே வயித்தப் பெரட்டுது."

"என் டிரைவிங்ல நொட்ட சொல்றியா?"

"அதச் சொல்ல ஒரு நாள் பத்தாது. நான் சொல்றது வேற. ஓட்டுறவங்களுக்கு வளைவு வர்றது முன்னாடியே தெரியுது, ஒடம்பு தயாராயிடுது. பின்னாடி உக்காந்திருக்குற புள்ளைக்கு அத யாரு சொல்றா?"

அவன் எத்தனை லாரிகளை எத்தனை மலை ஏற்றியிருப்பான்! உள்ளே இருப்பதன் வயிற்றைப் பற்றி ஒரு நாளும் நினைத்ததில்லை. முட்டைக்கோஸ் வாந்தியெடுத்தால்தானே நினைப்பதற்கு?

அடுத்து அவள் செய்ததை அவன் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தான். கேட்டருகே குந்தி உட்கார்ந்து, தனியாக ஓட்டத் தனக்குப் பயமாக இருக்கிறது, ரோடு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று சொல்ல ஆள் வேண்டும் என்று வாண்டிடம் உதவி கேட்டாள். வாண்டு யோசித்தது. ஒரு கையை மட்டும் கேட்டிலிருந்து எடுத்தது. வலது இடது தெரியாது என்று கவலைப்பட்டது. அதனாலென்ன, நான் உட்காரும் பக்கம் அம்மா பக்கம், அந்தப் பக்கம் அப்பா பக்கம் என்றாள் அவள். அன்று காரில் தெருமுனை வரை. மறுநாள் மார்க்கெட் வரை. வாரக் கடைசியில் கேட்டைப் பிடிக்காமல் அம்மாவின் கை பிடித்தபடி வாண்டு காருக்கு வந்தது.

பயண நாளில் முன் கண்ணாடி முழுக்கத் தெரியும்படி பின்சீட்டின் நடுவில் உயரமாக உட்கார்ந்தது வாண்டு. ஆற்றோரப் பாதை மலை ஏறத் தொடங்கியது.

"அப்பா பக்கம்!"

அவள் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, சட்டியிலிருந்து எண்ணெய் வழிவதைப் போல வழுக்கித் திரும்பினாள். அடுத்து அம்மா பக்கம். அதற்கடுத்து மறுபடி அம்மா பக்கம். கணவன் திரும்பித் திரும்பிப் பார்த்தான். மகள் கன்னத்தில் நிறம் இருந்தது. மனைவியின் கைகளில் அவசரமே இல்லை. இவள் கையில் எந்த லாரியையும் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம் என்று தோன்றியது.

முகடு கண்ணில் பட்ட நேரத்தில் குரல் நின்றது. வாண்டின் உதடு வெளுத்திருந்தது.

அவள் அப்போதே ஓரம் கட்டினாள். இறக்கி, தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவினாள். மேலே ஒரே ஒரு வளைவு. அதை அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"திரும்பிடலாங்க," என்றாள். குரலில் துளி வருத்தம் இல்லை. "இவ்ளோ தூரம் வந்ததே பெருசு."

இத்தனை நாள் உழைப்பை இப்படிக் கீழே வைக்க ஒரு மனசு வேண்டும். அவன் அவளையே ஒரு கணம் பார்த்தான். பிறகு குழந்தையைத் தூக்கித் தோளில் உட்காரவைத்தான்.

"காரு இங்கயே நிக்கட்டும். நடந்து போவோம்."

மலைக்காற்று முகத்தில் அடித்தது. பத்தடி போவதற்குள் தோளில் இருந்த கனம் நிமிர்ந்தது.

"அம்மா பக்கம்," என்றது வாண்டு மெதுவாக.

வளைவில் திரும்பினார்கள். மலைகளுக்கு நடுவே, மேகங்களைத் தன்மேல் போட்டுக்கொண்டு நீலமாகக் கிடந்தது ஏரி. வாண்டு வாய் பிளந்தது. அவள் கணவனின் முழங்கையைப் பற்றிக்கொண்டாள். வெயில் சாயும்வரை மூவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். அவன் அவசரப்படுத்தவே இல்லை.

இறங்கிவந்து அவள் சாவியை எடுத்தபோது, வாண்டைத் தூக்க அவன் குனிந்தான். வாண்டு அவன் கையைத் தள்ளிவிட்டுத் தானே கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தது.

"சீக்கிரம் ஏறுங்கப்பா. அம்மா ஓட்டணும், நான் சொல்லணும்."