பதினொரு கையெழுத்து

கன்சாஸில் இருபது வருடமாகச் சிறுநீரக வைத்தியம் பார்க்கும் டாக்டர் லோர்னா பிக்கெட்டுக்கு அந்த வெள்ளிக்கிழமை ஒரே கவலைதான். அவருடைய நோயாளி எசெபியோவைக் குடியேற்றத் துறையினர் பிடித்துத் தடுப்பு முகாமில் அடைத்துவிட்டார்கள். செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொள்பவர். வியாழக்கிழமை தவறிப்போயிற்று. சனிக்கிழமையும் தவறினால் ஆள் பிழைப்பது கஷ்டம்.

அவருக்கு டயாலிசிஸ் கிடைக்க உதவும்படி, லோர்னாவும் சக டாக்டர்களுமாக நாற்பது பேர் செனட்டருக்குக் கடிதம் அனுப்பினார்கள். மெத்தப் படித்தவர்கள் அல்லவா? ஒரே கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றி நாற்பது பேரும் அனுப்பினார்கள்.

"எல்லாம் ஒரே மாதிரி இருந்தா, ஒரு கடிதம்னுதான் கணக்கு டாக்டர்," என்றாள் செனட்டர் அலுவலகத்து டார்லீன், தொலைபேசியில்.

"ஒண்ணாவே இருக்கட்டும்மா. அவரு செத்துருவாரு!"

"நாங்க முகாம்ல விசாரிக்கணும்னா அவரோட சம்மதக் கையெழுத்து வேணுமே."

"அவருதான் உள்ள இருக்காரே!"

"உள்ள போய் வாங்கிட்டு வாங்க."

முகாமைக் கேட்டால், செனட்டரின் கடிதம் இருந்தால்தான் உள்ளே விடுவார்களாம். என்ன நிர்வாகம், என்ன ஒழுங்கு! கோயில் கட்டிக் கும்பிடலாம்.

லோர்னாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பின்னாலேயே வெட்கமும் வந்தது. அவருடைய டயாலிசிஸ் நிலையத்தில் மட்டும் என்ன வாழ்ந்தது? ஊசி குத்துமுன் பதினொரு தாளில் கையெழுத்து. "டாக்டரம்மா, ரத்தத்தைவிட என் கையெழுத்தத்தான் அதிகமா உறிஞ்சுறீங்க," என்று எசெபியோ கேலி செய்ததுண்டு.

ஓடிப்போய் அவருடைய கோப்பைப் புரட்டினார். ஐந்தாவது தாள்: தன் உடல்நிலை குறித்து எந்த அரசு அலுவலகத்திடமும் டாக்டர் பேசலாம், தகவல் கேட்கலாம் என்று எசெபியோ சம்மதித்திருந்தார். அந்தத் தாளை இதுவரை ஒருவரும் படித்ததில்லை, லோர்னா உட்பட.

தாள் ஃபேக்ஸில் பறந்தது.

"இது போதும் டாக்டர். ஆனா வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மூடிடுவோம்," என்ற டார்லீன், கொஞ்சம் தயங்கினாள். "சரி, இருங்க. இப்பவே முகாமுக்குப் போன் போடறேன்."

சனிக்கிழமை காலை இரண்டு காவலர்கள் எசெபியோவைக் கொண்டுவந்தார்கள்; டயாலிசிஸ் முடிந்ததும் முகாமுக்கே திருப்பிக் கொண்டுபோய்விடுவார்களாம். முகம் வீங்கியிருந்தது. எழுந்து நிற்கவே முடியாத மனிதர் ஓடிவிடுவாராம், காலைக் கட்டிலோடு சங்கிலியால் பிணைத்தார்கள். உயிரோடு அவரைப் பார்த்ததும் லோர்னா அழுதுவிட்டார். ஐந்தாவது தாள் கைகொடுத்த கதையை அவரிடம் சொன்னார்.

நர்ஸ் வழக்கம்போல் பதினொரு தாளோடு வந்து நின்றாள்.

எசெபியோ பேனாவை வாங்கினார். "அந்த அஞ்சாவது தாள்ல மட்டும் இன்னொண்ணு குடும்மா," என்றார். "செவ்வாய்க்கிழமைக்கு."