ஐந்தரை அடி

ஆலிடா எஸ்டர்ஹைசன் தேடிப் போனபோது, அவள் தம்பி வீனாண்ட் குடும்பக் கல்லறைத் தோட்டத்தில் இடுப்பளவு ஆழத்தில் நின்று கடப்பாரை போட்டுக்கொண்டிருந்தான். பட்டப்பகல். தென்னாப்பிரிக்காவின் வறண்ட கரூ வெளியில் ஒரு புல்கூட அசையவில்லை.

யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. தாத்தா நாற்பத்து நான்கு வயதில் போனார். அப்பா நாற்பத்து ஒன்றில், கம்பளி கத்தரிக்கும் கொட்டகையில், பாதி கத்தரித்த ஆட்டின் மேலேயே சாய்ந்தார். இருவருமே தங்கள் குழியை முன்கூட்டியே தோண்டி வைத்திருந்தார்கள். வீனாண்டுக்குப் போன வாரம் நாற்பது.

"மண்ணு இரும்பாட்டம் கெடக்குக்கா. அவசரத்துக்கு யாரு தோண்டுவா?"

"ஏறி வாடா. சிஸ்டர் வந்திருக்கா."

கல்வினியா ஊரிலிருந்து நர்ஸ் ஃபிலாண்டர் பண்ணை பண்ணையாகப் போய் ரத்தச் சோதனை எடுத்துக்கொண்டிருந்தாள். இளவயதிலேயே நெஞ்சை அடைக்கும் ரத்தக் கொழுப்பு, முன்னூறு வருஷத்துக்கு முன் கப்பலில் வந்த யாரோ ஒருவரிடமிருந்து வழிவழியாக இறங்கியது. அந்த வட்டாரத்தில் பாதி வீடுகளில் உண்டு. வீனாண்ட் பிகு பண்ணினான். அவனை வழிக்குக் கொண்டுவரத்தான் ஆலிடா முதலில் கையை நீட்டினாள், சிறுநீரும் பிடித்துக் கொடுத்தாள். அந்த வீட்டில் அது ஆண்களுக்கு மட்டுமே வரும் நோய் என்று நினைப்பு. அவளுக்கு நாற்பத்தாறு.

இரண்டு வாரம் கழித்து நர்ஸ் மறுபடி வந்தாள். வீனாண்ட் தீர்ப்புக் கேட்பவன்போலச் சுவரோரம் நின்றான். அவள் அவனைப் பார்க்கவே இல்லை. ஆலிடாவின் கையை வாங்கி, விரல் முட்டிகளின் மேலிருந்த கொழுப்புக் கட்டிகளைத் தடவினாள்.

"ரெண்டு பேருக்கும் கொலஸ்ட்ரால் ஒரே அளவுதான். ஆனா உனக்கு யூரின்ல புரதம் ஒழுகுது, அதான் அப்படி நுரைக்குது. கிட்னியில இருக்கற மெல்லிசு ரத்தக்குழாயே கெட்டுப்போயிருக்குன்னா, நெஞ்சுக்குள்ள எப்படி இருக்கும்? இந்த வீட்டுல நான் பயப்படறது உனக்குத்தாம்மா."

மறுநாளே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் ஆலிடா கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தாள். ஏன் போனாள் என்று பிற்பாடும் அவளால் சொல்ல முடியவில்லை. கால்மாட்டில் பாறை தட்டியதால் குழி நீளாமல் நின்றிருந்தது. வீனாண்ட் ஆறேகால் அடி. அவன் இதில் அடங்க மாட்டான். அவள் ஐந்தரை அடி.

இறங்கினாள். படுத்தாள். தலையும் குதிகாலும் சரியாகத் தொட்டன. மண் குளுமையாக, விரித்துப் போட்ட படுக்கைபோல இருந்தது. பயமே வரவில்லை. பயம் வரவில்லையே என்று உறைத்தபோதுதான் மேல் முழுக்கச் சிலிர்த்தது. எழப் பார்த்தாள். தாடையை யாரோ பிடித்து அழுத்தியதுபோல ஒரு வலி நெஞ்சுவரை இறங்கியது. கை தூக்க வரவில்லை. மேலே நீள்சதுர வானம் கறுத்துக்கொண்டே போனது. தம்பியின் பெயரைச் சொன்னாள். குரல் குழியைத் தாண்டியதா என்று அவளுக்கே தெரியாது.

அவன் வந்து தூக்கினான். வண்டியை விரட்டிக்கொண்டே, அதற்குள் ஏன் போய்ப் படுத்தாய் என்று கேட்டான்.

"எனக்குன்னே வெட்டின மாதிரி இருந்துச்சுடா."

ஊர் வரும்வரை அவன் வேகத்தைக் குறைக்கவில்லை.

கேப்டவுனில் நெஞ்சைப் பிளந்து மூன்று ரத்தக்குழாய்களுக்கு மாற்றுவழி வைத்தார்கள். அவள் வீடு திரும்புவதற்குள் வீனாண்ட் குழியை மூடி, மேலே கல் பரப்பியிருந்தான். யாரும் சொல்லாமலே கொழுப்புக்கான மாத்திரையும் விழுங்கத் தொடங்கியிருந்தான்.

ஆலிடாவுக்கு இப்போது ஐம்பது. குடும்ப பைபிளின் முதல் பக்கத்திலுள்ள பெயர்களைத் தொடர்ந்து போய், முகம் தெரியாத உறவினர்களுக்கெல்லாம் போன் போட்டு, சோதனை செய்துகொள்ளச் சொல்கிறாள். பலர் வைத்துவிடுவார்கள். போன மாதம் அப்பிங்டனில் ஒருத்தி மட்டும் கடைசிவரை கேட்டாள்.  பிறகு அச்சு அசல் ஆலிடாவின் குரலிலேயே அவள் கேட்டாள்:

"எனக்கு ஒரு வருஷமா ஒண்ணுக்கு நுரை நுரையாப் போகுது. அதுவா இது?"

ஆலிடா அவள் வீட்டுக்கு வழி கேட்டு எழுதிக்கொண்டாள்.