காகிதத்தில் குறையில்லை

இறக்குமதியான வலைக்கட்டுகளில் முதல் பேலைப் பிரித்ததுமே வலை வியாபாரி நுஃமானுக்குச் சந்தேகம் வந்தது. பழவேற்காட்டுக் கிடங்கில் ஆள் வைத்து மற்ற பேல்களையும் பிரித்தார். எல்லாம் இற்றுப்போன நைலான் வலை; கையால் இழுத்தாலே அறுந்தது. ஷாங்காயிலிருந்து முன்பு வந்த மாதிரித் துண்டு அவ்வளவு உறுதியாக இருந்ததே!

இந்தச் சரக்குக்காக வங்கியில் எல்.சி. என்ற பண உத்தரவாதக் கடிதம் திறந்திருந்தார். கப்பல் ரசீது, விலைப்பட்டியல், காப்பீடு எல்லாம் சரியாக இருந்தால், சரக்கு கப்பலேறிய அறுபதாம் நாள் வங்கியே விற்றவனுக்குப் பணம் அனுப்பிவிடும். காகிதங்களை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுத்தான் சரக்கையே எடுத்திருந்தார். பணம் போக இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

மறுநாள் ஒரு வலைச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு பொன்னேரிக் கிளைக்குப் போனார். வெளிநாட்டு வர்த்தகம் பார்க்கும் அதிகாரி அர்ச்சனாவின் மேஜையில் அதைக் கொட்டினார்.

"இழுத்துப் பாருங்கம்மா. இதுக்கா காசு?"

அவள் இழுத்துப் பார்த்தாள். முகம் வாடியது. "சார், பேங்க் சரக்கைப் பாக்காது. பேப்பரைத்தான் பாக்கும். பேப்பர்ல ஒரு எழுத்துகூட தப்பில்ல."

"ஏமாத்திட்டான்மா!"

"சரக்கைச் சோதிச்ச சர்டிஃபிகேட்டும் வேணும்னு கேக்கலாம்னு அன்னைக்கே சொன்னேனே சார்..."

சொன்னாள்தான். மாதிரியைப் பார்த்த தைரியத்தில், வீண் செலவு என்று அவர்தான் வேண்டாமென்றார்.

நுஃமானுக்காக வக்கீல் தானியேல், வங்கி பணம் அனுப்பத் தடை கேட்டு அவசர மனுப் போட்டார். நீதிபதி பொறுமையாகவே கேட்டார். சரக்கு மட்டம் என்பதற்காக வங்கி கொடுத்த வாக்கை நிறுத்த முடியாது, மோசடி என்று பளிச்சென நிரூபிக்க வேண்டும் என்றார். விற்றவன்மீது தனியே வழக்குப் போடச் சொன்னார்.

"ஷாங்காய்ல போய் எவனப் புடிக்கிறது?" என்று கோர்ட் வாசலில் கேட்டார் நுஃமான். தானியேல் வழக்குக் காகிதங்களை மடித்துப் பையில் வைத்தார்.

பன்னிரண்டாம் நாள் மதியம் அர்ச்சனா போன் செய்தாள். "பணம் போயிடுச்சு சார்."

சாயங்காலம் தோணிரேவிலிருந்து மீனவர் பொன்னுரங்கம் வந்தார். இந்த வலையை நம்பி எட்டுத் தோணிக்காரர்கள், ஏரியில் இறால் பிடிக்கத் தங்கள் முறையான பாட்டுக்குக் காத்திருந்தார்கள்.

"இன்னா பாய், வலை வந்துச்சாமே? நாளைக்கு ஆளுங்கள இட்டாரட்டா?"

நுஃமான் கிடங்கைத் திறந்தார். பொன்னுரங்கம் ஒரு வலையை விரித்து வெளிச்சத்தில் பிடித்தார். விரல் பட்ட இடமெல்லாம் பிரிந்தது.

"திருப்பி அனுப்ப முடியாதா பாய்?"

"முடியாதுப்பா."

"பேங்க்ல சொன்னீங்களா?"

"எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

பொன்னுரங்கம் வலையைக் கீழே வைத்தார். "ஊர்ல நான் இன்னா சொல்றது?"

நுஃமான் அந்த வலையை எடுத்துச் சுருட்டி, மறுபடி பேலுக்குள் திணிக்க ஆரம்பித்தார்.