பேட்டிக்கு முன்பே பெட்டி இறங்கிய அறை

எங்கள் நாட்டில் பல்கலைக்கழக வேலைக்கு ஆள் எடுப்பது போன்ற மானங்கெட்ட கூத்து வேறு எங்காவது உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. வயிறு எரிந்துதான் சொல்கிறேன்.

ஒக்கயாமாவில் ஒரு தனியார் கல்லூரியில் ஒப்பந்த ஆசிரியையாக வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். ஒருவரை ஐந்து வருடத்துக்கு மேல் வைத்திருந்தால் அவர் நிரந்தரம் கேட்கலாம் என்று சட்டம் இருக்கிறது. நல்ல சட்டம்தான். அதனாலேயே ஐந்தாவது வருடம் முடியும் மார்ச் மாதத்தில் கையில் ஒரு பூங்கொத்தைத் திணித்து, கைதட்டி, வாசல்வரை வந்து குனிந்து வழியனுப்பிவிடுகிறார்கள். எனக்கு அது ஐந்தாவது வருடம். வயது நாற்பத்து மூன்று. மார்ச்சுக்குப் பிறகு எந்த வாசலும் இல்லை.

அப்போதுதான் நீகாதாவில் ஒரு பல்கலைக்கழகத்தின் விளம்பரம் வந்தது. நிரந்தர வேலை. பழைய காலத்துக் கிராமங்களின் வரலாறு தெரிந்திருக்க வேண்டும். இருபது வருடமாக நான் படிப்பது அதைத்தான். மீனவர் சங்கங்களைப் பற்றி எழுதியவராக இருந்தால் நல்லது, மாணவர்களின் துடுப்புப் படகுக் குழுவைக் கவனித்துக்கொள்ளத் தெரிந்தால் இன்னும் நல்லது என்றும் போட்டிருந்தார்கள். விண்ணப்பித்தேன், பேட்டிக்கு அழைப்பும் வந்தது.

ஒப்பந்தக்காரர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே அறை. அதில் என் பக்கத்து நாற்காலி உவோசுமிக்கு. ஜெர்மன் நடத்துகிறவர். எல்லா ஊர்ப் பேட்டியிலும் ஏமாந்தவர். விளம்பரத்தைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"தாயே, இது ஆள் தேடுற விளம்பரமா? எவனோ ஒருத்தனுக்கு அளவெடுத்துத் தெச்ச சட்டைங்க இது. படகு விடத் தெரியணுமாம்ல, படகு!"

"அப்புறம் எதுக்கு என்னைக் கூப்பிட்டிருக்காங்க?"

"மூணு பேரையாவது கூப்பிட்டுப் பாத்தாதானே ஊருக்குக் கணக்குக் காட்ட முடியும்? மாப்பிள்ளை ரெடியா இருக்கான். நீங்க கல்யாணத்துக்குக் கூட்டம் சேக்கப் போறீங்க."

"நிஜமாவே தேடுறாங்களோ என்னமோ."

"போங்க, போங்க. நீகாதாவுல சோறு நல்லா இருக்கும். அதையாவது ஒரு பிடி பிடிச்சுட்டு வாங்க."

போனேன். மார்ச் நெருங்க நெருங்க மனிதருக்கு வெட்கமில்லாமல் நம்பிக்கை வந்துவிடுகிறது. ரயில் செலவு நம்முடையது, தங்கும் செலவு நம்முடையது. அழைத்தவர்கள் ஒரு காசு தரமாட்டார்கள், அதுதான் வழக்கம். கறுப்புக் கோட்டுக்கு இஸ்திரி போட்டு, மாதிரி வகுப்பை ரயில் ஜன்னலைப் பார்த்தபடி வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனேன். பக்கத்து இருக்கைப் பெரியவர் என்னைப் பைத்தியம் என்று நினைத்து வேறு இடம் மாறிக்கொண்டார்.

பனி கொட்டிக்கொண்டிருந்தது. அலுவலகப் பெண் ஒருத்தி காத்திருப்பு அறையில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்துவிட்டுப் போனாள். கழிப்பறையைத் தேடி மாடி ஏறினேன். தாழ்வாரத்தின் கோடியில் ஒரு கதவு திறந்திருந்தது. உள்ளே அட்டைப்பெட்டிகள். இளைஞர் ஒருவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அலமாரியில் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தார். சுவரில் சாய்த்துவைத்த ஒரு துடுப்பு. கதவில் புத்தம்புதிய பெயர்ப்பலகை: அகபோஷி.

"வாங்க, ஹீட்டர் பாக்க வந்தீங்களா? சூடே வர மாட்டேங்குது" என்றார் அவர்.

"இல்லைங்க. வழி தெரியாம வந்துட்டேன். புதுசா சேந்திருக்கீங்களா?"

"ஏப்ரல்லேர்ந்து. இன்னிக்கு மூணு மணிக்கு இன்டர்வியூ இருக்கு. எப்படியும் வரணுமில்ல, அதான் பெட்டியெல்லாம் அப்படியே கொண்டுவந்து எறக்கிட்டேன்."

சொன்னதில் ஒரு துளிக் கள்ளத்தனம் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை எதற்கு மறைப்பது என்கிற வெள்ளந்தி முகம். பேட்டிக்கு முன்பே பெட்டியை இறக்கியது ஒரு தவறு என்று அவருக்குத் தோன்றவே இல்லை. "துறைத்தலைவர் கம்பயாஷி சென்செய் என்னோட குரு. நல்ல மனுஷன்" என்று வேறு சொன்னார். ஆசிரியரை நாங்கள் சென்செய் என்றுதான் கூப்பிடுவோம்.

கீழே இறங்கினேன். அப்படியே ரயிலேறியிருக்கலாம். ஆனால் அவ்வளவு தூரம் வந்து, அந்தப் பாடத்தை ஒருவருக்கும் சொல்லாமல் திரும்ப எனக்கு மனம் வரவில்லை.

மாதிரி வகுப்பு என்றால் இப்படி. தேர்வுக்குழுப் பேராசிரியர்கள் மாணவர்களாக நடிப்பார்கள். நாம் அவர்களை முதலாம் ஆண்டுப் பிள்ளைகளாக நினைத்துக்கொண்டு பாடம் நடத்த வேண்டும். ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். குழுவில் இளையவர் யஷிரோ. "நாங்க எல்லாரும் இன்னிக்கு உங்க ஸ்டூடண்ட்ஸ். ஃப்ரீயா நடத்துங்க" என்றார். பின்வரிசையில் நரைத்த தலை ஒன்று நான் தொடங்குவதற்கு முன்பே மார்பில் கவிழ்ந்துவிட்டது. அதுதான் கம்பயாஷி.

தொடங்கினேன். வரி கட்ட முடியாத கிராமத்தார் சேர்ந்து மேலிடத்துக்கு மனு எழுதிய கதை. பெயர்களை மேலிருந்து கீழாக வரிசையாகப் போடமாட்டார்கள். விரித்த குடையின் கம்பிகள் போல வட்டமாகப் போடுவார்கள். சொல்லச் சொல்ல எனக்கே அந்தக் கதை புதிதாகக் கேட்டது.

யஷிரோ குஷியாகக் கை தூக்கினார். "சென்செய், இது பரீட்சைக்கு வருமா?"

மற்றவர்கள் கெக்கலித்தார்கள். பின்வரிசையில் குறட்டை.

எனக்குள் ஏதோ அறுந்தது. "பின்வரிசையில தூங்குற ஸ்டூடண்ட், எந்திரிங்க" என்றேன்.

சிரிப்பு நின்றது. யஷிரோ பதறிப்போய், "சென்செய், அவரு... துறைத்தலைவர்" என்று கிசுகிசுத்தார்.

"எல்லாரும் ஸ்டூடண்ட்ஸ்னு நீங்கதானே சொன்னீங்க? என் வகுப்புல தூங்கக்கூடாது. எந்திரிங்க."

யாரோ தொட்டு எழுப்ப, அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தார்.

"பேரு?"

"கம்பயாஷி."

"கம்பயாஷி, எதுக்கு வட்டமாக் கையெழுத்துப் போட்டாங்க?"

தூக்கத்தில் கேட்டாலும் அவருக்குத் தெரியும். "யாரு தலைவர்னு தெரியக்கூடாதுன்னு."

"தெரிஞ்சா?"

"தலை போயிடும்."

"ரொம்ப சரி. அவங்களுக்குத் தலை போயிடும்னு பயம். மேல் மாடியில ஒருத்தர் புத்தகம் அடுக்கிட்டிருக்காரு. கதவுல பேரும் மாட்டியாச்சு. இன்டர்வியூ இனிமேதான். அவருக்கு அந்த வேலையைக் குடுத்தது யாரு? ஒரே ஒரு பேர் சொல்லுங்க போதும். உங்களுக்கு எந்தத் தலை போயிடும்?"

யஷிரோ பேனா மூடியைத் திறந்தார், மூடினார், திறந்தார். முன்வரிசைக்காரர் மேஜையைப் பார்த்தபடி, "கேள்வி பாடத்துக்கு வெளிய இருக்கு" என்று முனகினார்.

"இல்லை. இதுதான் பரீட்சைக்கு வரும்" என்றேன்.

கம்பயாஷி நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கோட்டை எடுத்துக்கொண்டு, குனிந்து வணங்காமல் வெளியேறினேன். என் ஆயுளில் ஒரு அறையிலிருந்து குனியாமல் வந்தது அதுதான் முதல் தடவை.

கதையைக் கேட்ட உவோசுமி வாயைப் பிளந்தார். "அடிப்பாவி! இனி நாட்டுல எந்தக் காலேஜும் உங்களைக் கூப்பிடாது." பிறகு, "சோறாவது சாப்பிட்டீங்களா?" என்றார். இல்லை என்றேன். அதற்குத்தான் அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

பிப்ரவரியில் யஷிரோவிடமிருந்து போன் வந்தது. அன்றைய வகுப்பைப் பற்றி ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லவில்லை. அவ்வளவு மரியாதை, அவ்வளவு வழவழப்பு.

"குராமோச்சி சென்செய், உங்க வகுப்பு மாதிரி நாங்க யாரும் பாத்ததில்லை. நிஜமாச் சொல்றேன். அதான் ஒரு உதவி. ஏப்ரல்லேர்ந்து கிராம வரலாறு பாடத்தை நீங்க வந்து எடுக்க முடியுமா? வாரத்துல ஒரு நாள். ஒப்பந்தம்தான்."

"அந்தப் பாடத்துக்குத்தானே ஆள் எடுத்தீங்க?"

"எடுத்தோம்... அகபோஷி சென்செய்க்கு அது அவ்வளவா வராதாம். அவரே சொல்றாரு. அவருக்கு நிர்வாக வேலையும் படகுக் குழுவும் இருக்கு. பசங்க பாவம் இல்லையா, சென்செய்?"

பசங்க பாவம்தான். நானும் பாவம்தான். வேறு எங்கும் வேலை கிடைத்திருக்கவில்லை. வாரத்தில் ஒரு நாள் என்பது ஒன்றுமே இல்லாததைவிடப் பெரிது. அது எனக்குத் தெரியாதா? தெரிந்துதானே கூப்பிடுகிறார்கள்! அந்த நினைப்பில்தான் ரத்தம் கொதித்தது.

"வர்றேன். ஆனா அன்னிக்குக் கேட்ட கேள்விக்கு பதில் சொல்லுங்க. அவரைத் தேர்ந்தெடுத்தது யாரு? ஒரு பேர். சொன்னா நாளைக்கே வர்றேன்."

மறுமுனையில் பேனா மூடி திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"அது வந்து... குழுவோட முடிவு, சென்செய்."

"அப்போ அந்தக் குழுவே வந்து பாடம் நடத்தட்டும்" என்று சொல்லி போனை வைத்தேன்.