நாற்பத்து மூன்றாம் எண்

மவ்சூனா எங்கள் சங்தரா கிராமத்துக்கு முதல்முறை வந்தபோது, பெண்கள் யாரும் விரலை நீட்ட மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார்கள். நான் இந்தச் சுகாதார நிலையத்தில் பதினோரு வருடமாக நர்ஸ். அவர்கள் ஏன் நீட்டவில்லை என்று எனக்குத் தெரியும். ஊசிக்குப் பயந்து அல்ல, எண்ணுக்குப் பயந்து. ஆண்களில் பாதிப் பேர் ருஷ்யாவில் கட்டட வேலையில் இருக்கிறார்கள். வீட்டில் மாமியாரும் மருமகளும்தான். மருமகளுக்கு ரத்தம் குறைவு என்று ஒரு கருவி காட்டினால், மாமியார் சோறு போடுவதில்லை என்று தெரு முழுக்கப் பேச்சாகும்.

மவ்சூனாதான் அந்தத் திட்டத்தின் தலைவி. வெளிநாட்டு உதவியில் நடக்கும் பெரிய உணவுத் திட்டம். கத்லோன் மாகாணத்தில் அறுபத்தெட்டு ஊர்கள் அவர் பொறுப்பில் இருந்தன. இரும்புச்சத்து சேர்த்த மாவு, எண்ணெய், மாத்திரை, சமையல் பாடம் எல்லாம் அதில் அடக்கம். வடக்கே ஹுஜந்து நகரத்துக்காரர், நாற்பது வயதுக்குள், மெலிந்த உடம்பு. விதிகளை எழுதியவரும் அவரே. முதல் இரண்டு மாதம் எல்லா ஊருக்கும் மாவு வரும். அதற்குள் கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் ரத்தப் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். ஹீமோகுளோபின் லிட்டருக்கு நூறு கிராமுக்குக் கீழே என்றால் மஞ்சள் அட்டை, எண்பதுக்குக் கீழே போனால் சிவப்பு அட்டை. சிவப்பு அட்டை ஒன்றாவது இருக்கிற ஊருக்குத்தான் அதன் பிறகும் மாவு. எங்களுக்கு இரண்டு மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது. பரிசோதனை செய்துகொண்டவர் எண்ணிக்கை பூஜ்யம்.

"இது யாரையும் குத்தம் சொல்ற சோதனை இல்ல," என்றார் மவ்சூனா.

"அப்ப எதுக்கு சிவப்பு அட்டை? சிவப்புன்னா குத்தம்தானே," என்றாள் ரஜப்மோ.

ரஜப்மோ எங்கள் ஊர் மகளிர் குழுத் தலைவி. ஐம்பத்தைந்து வயது. எல்லோருக்கும் ஹோலா, அதாவது சின்னம்மா முறை. அவள் மருமகள் பர்வோனா ஐந்து மாதக் கர்ப்பம், பின்வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். ரஜப்மோ ஒப்புக்கொள்ளாமல் ஒரு விரலும் வெளியே வராது.

மவ்சூனா சட்டைக் கையை மடித்துக்கொண்டு என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"முதல்ல எனக்குப் பாருங்க. எல்லாருக்கும் கேக்கற மாதிரி சத்தமா சொல்லுங்க."

குத்தினேன். ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கருவியில் வைத்தேன். பெண்களுக்கு நூற்றிருபது இருக்க வேண்டும். எழுபத்தெட்டு என்று காட்டியது.

"கருவி குளிர்ல இருந்துச்சு, இன்னொரு தடவை பாக்கறேன்," என்றேன். அடுத்த விரல். எழுபத்தேழு. நான் சொல்வதற்குள் ரஜப்மோ எழுந்துவந்து என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டாள். அவள் படித்தவள்.

"எழுபத்தேழு," என்று அறைக்கு அறிவித்தாள். பிறகு மவ்சூனாவை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏன் ரயிசா, உங்க மாமியார் சோறு போடறதில்லையா?"

தலைவியை ரயிசா என்றுதான் இங்கே கூப்பிடுவோம். அந்த மரியாதையான சொல்லோடு அந்தக் கேள்வி வந்து விழுந்ததும் பெண்கள் தலைத்துணியால் வாயை மூடிக்கொண்டார்கள்.

மவ்சூனாவின் முகம் சிவந்தது. ஆனால் எழுந்து போகவில்லை. "எனக்கு மாமியாரே இல்ல, ஹோலா. தனியாத்தான் இருக்கேன். எனக்கு நானேதான் மாமியார்."

"அப்ப அந்த மாமியார் ரொம்பக் கொடுமைக்காரி," என்றாள் ரஜப்மோ. அறை முழுக்கச் சிரிப்பு.

அதற்குப் பிறகு நடந்ததை எந்தச் சமையல் பாடமும் நடத்தியிருக்க முடியாது. மாவு அனுப்புகிற மகராசிக்கே எழுபத்தேழு என்றால், வேறு எந்த வீட்டுக்கு என்ன வெட்கம்? பர்வோனாவுக்குத் தொண்ணூற்று நான்கு. "பதினேழு கூட," என்று ரஜப்மோ வாசலில் நின்ற பெண்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். மாலைக்குள் நாற்பத்திரண்டு பெண்கள் விரல் நீட்டிவிட்டார்கள். ஏழு பேருக்கு மஞ்சள் அட்டை. சிவப்பு யாருக்கும் இல்லை.

"ஒருத்தங்களுக்கு இருக்கே," என்றாள் ரஜப்மோ. "எழுதும்மா."

"அவங்க ஊர்க்காரங்க இல்லையே, ஹோலா."

"இந்த ஊர்ல குத்தின ரத்தம்தானே? எழுது."

பதிவேட்டில் பெயர் எழுதமாட்டோம், எண் மட்டும்தான். நாற்பத்து மூன்று என்று எழுதினேன். மவ்சூனா அதற்குள் காரில் ஏறிப் போய்விட்டிருந்தார்.

இரண்டு வாரம் கழித்து அவர் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"நர்சம்மா, சங்தரா பட்டியல்ல நீடிச்சிருக்கு. ஒரு சிவப்பு அட்டைன்னு வந்திருக்கு. யாரு அது? நான் இருந்தப்ப யாரும் இல்லையே."

"நீங்கதான்."

"அதை அழிச்சிடணும்," என்றார்.

"அழிச்சா மாவு நின்னுடும்."

"யோசிச்சுச் சொல்றேன்."

அவர் மூன்று மாதம் யோசித்தார்.

யோசிக்க அவருக்கு நிம்மதி கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை. சிவப்பு அட்டைக்காரரை வாரம் ஒருமுறை தொண்டர் ஒருவர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும், பதினான்கு கேள்வி கேட்க வேண்டும் என்று அவரே எழுதியிருந்தார். அந்தத் தொண்டராக ரஜப்மோ தன்னைத் தானே நியமித்துக்கொண்டாள். வியாழக்கிழமைதோறும் ஷேர் வேனில் ஏறி மாவட்டத் தலைநகருக்குப் போவாள். ஒரு பாத்திரத்தில் வெங்காயத்தோடு வதக்கிய ஈரல், ஒரு பையில் உலர்ந்த ஆப்ரிகாட் பழம், மடியில் படிவம். அலுவலகத்தில் கூட்டம் நடந்தாலும் கவலையில்லை, கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவாள். ஒரு தடவை நானும் மருந்து வாங்கப் போனவள் அங்கேயே இருந்தேன்.

"நேத்துக் காலையில இருந்து என்னென்ன சாப்பிட்டீங்க? வரிசையாச் சொல்லுங்க."

"ரொட்டி. டீ," என்றார் மவ்சூனா, கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அப்புறம்?"

"கூட்டத்துல பிஸ்கட்."

"அப்புறம்?"

"டீ."

"சாப்பாட்டோட டீ குடிச்சா ரத்தம் ஊறாதுன்னு எங்க ஊர்ல படம் போட்டுக் காட்டினது யாரு?"

பக்கத்து மேஜைப் பெண் குனிந்து ஏதோ தேடினாள்.

"போன நாலு வாரத்துல, வீட்ல சாப்பாடு இல்லாததால பசியோட தூங்கினது உண்டா?"

"சாப்பாடு இல்லாம இல்ல, ஹோலா. சமைக்க நேரமில்லாம."

ரஜப்மோ படிவத்தைப் புரட்டினாள். "அதுக்கு இதுல கட்டமே இல்லையே. நேரமில்லாம சாப்பிடாதவங்க எங்க ஊர்லயும் பாதிப் பேர் இருக்காங்க. பருத்திக்காட்டுக்குப் போறவ எப்ப சாப்பிடறா? யாரு போட்ட படிவம் இது?"

"நான்தான்."

"சரி. ஈரலைச் சாப்பிடுங்க. நீங்க முழுங்கறதைப் பாத்துட்டுத்தான் கையெழுத்து வாங்குவேன்."

அன்று சாயங்காலம் அவர் என்னிடம் புலம்பினார். "போன வாரம் வீட்டுக்கே வந்துட்டாங்க நர்சம்மா. அலமாரியைத் திறந்து பாத்தாங்க."

"ஒன்பதாவது கேள்வி," என்றேன். "'அலமாரியைப் பார்க்கவும்.'"

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்த மாகாணத்துக்கு வந்து மூன்று வருடத்தில் யாரும் என்னை என்ன சாப்பிட்டாய் என்று கேட்டதில்லை, நான்தான் பதினாறாயிரம் பேரைக் கேட்டிருக்கிறேன் என்றார்.

நான் மட்டும் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் உடம்பில் ரத்தம் ஏறஏற எங்கள் ஊர் மாவு இறங்கும். ஒரு சிவப்பு இருந்தால் மாவு வரும் என்பதுதான் ரஜப்மோவுக்குத் தெரியும், அது போனால் மாவும் போகும் என்பது தெரியாது. கடைசியில் பொறுக்காமல் சொல்லிவிட்டேன்.

"ஹோலா, ரயிசாவை ரொம்பக் கவனிக்காதீங்க. அவங்களுக்கு எண்பது தாண்டினா நம்ம ஊர்ல சிவப்பு அட்டை இல்ல. சிவப்பு இல்லன்னா மாவு இல்ல."

ரஜப்மோ வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"இந்த விதி யாரு எழுதினது?"

"அவங்கதான்."

"அப்ப அந்தப் பொண்ணை ரத்தமில்லாமலே வெச்சிருக்கச் சொல்றியா?"

"நான் அப்படிச் சொல்லல..."

"அப்படித்தான் சொல்ற." மறுபடி உரிக்க ஆரம்பித்தாள். அந்த வியாழக்கிழமை பாத்திரத்தில் ஈரல் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தது. பர்வோனாவுக்கும் தனியாக ஒரு தட்டு எடுத்து வைத்திருந்தாள்.

மூன்றாவது மாத முடிவில் மவ்சூனாவே வந்து விரலை நீட்டினார். நூற்றுப் பன்னிரண்டு. பெண்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அந்த மாத அறிக்கையில் சங்தரா முதல் பக்கத்தில் வந்தது. கடுமையான ரத்தசோகை ஒன்றிலிருந்து பூஜ்யம், நூறு சதவீத வெற்றி. கூடவே இன்னொரு வரி: இலக்கை எட்டிய ஊர் என்பதால் மாவு விநியோகம் நிறைவு பெறுகிறது.

மவ்சூனா அப்போதுதான் யோசித்து முடித்தார். தலைமையகத்துக்கு உண்மையை எழுதினார். அந்த நாற்பத்து மூன்றாம் எண் நான்தான், தவறு என்னுடையது, ஆனால் அந்த ஊரில் ஏழு மஞ்சள் அட்டைகள் இருக்கின்றன, சிவப்பு வரும்வரை காத்திருப்பது என் விதியின் மடத்தனம், மாற்றுங்கள் என்று. பத்து நாளில் பதில் வந்தது. ஊழியர் பயனாளியாக இருக்கக் கூடாது, ஆகவே அந்த எண் நீக்கப்படுகிறது. நீக்கியபின் சங்தராவில் எந்தக் காலத்திலும் சிவப்பு அட்டை இருந்ததில்லை. ஆகவே மூன்று மாத மாவு அந்த ஊருக்குப் போயிருக்கவே கூடாது. அவர் நேர்மையைப் பாராட்டி, ஒரு எச்சரிக்கைக் கடிதமும் இணைத்திருந்தார்கள். விதியைப் பற்றி, அடுத்த ஆண்டு பரிசீலிக்கப்படும் என்று ஒரு வரி.

இதைச் சொல்ல அவர் நேரில் வந்தார். காரை ஊர் எல்லையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். சுகாதார நிலையத்தில் பெண்கள் எல்லோரும் இருந்தார்கள். எழுதியது, பதில் வந்தது, அடுத்த மாதம் முதல் மாவு கிடையாது என்பது, எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னார்.

"நீங்க என்னைத் தேத்தினதுக்கு உங்களுக்குக் கிடைச்ச கூலி இது," என்றார். "என் மேல கோவப்படுங்க, ஹோலா."

"கோவம் இருக்கு," என்றாள் ரஜப்மோ. "நிறையவே இருக்கு. எழுதப் போறேன்னு முன்னாடியே சொல்லியிருந்தா ஏழு மஞ்சளையும் கூட்டிக்கிட்டு உங்க ஆபீஸ் வாசல்ல உக்காந்திருப்போம். மூணு மாசம் எதை யோசிச்சீங்க?"

"பயந்தேன்."

"எதுக்கு?"

"நான் தேறினா மாவு நின்னுடும்னு தெரிஞ்சா நீங்க வர்றதை நிறுத்திடுவீங்களோன்னு."

பின்வரிசையில் யாரோ குழந்தையைத் தட்டிக்கொடுத்தார்கள். ரஜப்மோ தலைத்துணியை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினாள்.

"எனக்கு முன்னாடியே தெரியும். நர்சம்மா சொன்னா," என்றாள்.

மவ்சூனா என்னைப் பார்த்தார். நான் பஞ்சு டப்பாவை ஒழுங்குபடுத்தினேன்.

"தெரிஞ்சும் வந்தீங்களா?"

"வராம? பாதி குணமான ஆளை நடுவுல விட்டுட முடியுமா?" ரஜப்மோ எழுந்தாள். "சரி, ஆபீஸ் விலாசம் எனக்குத் தெரியும். வேன்ல ஏழு பேருக்கு இடம் இருக்கும். உங்களுக்கு எச்சரிக்கை கொடுத்தவங்க எந்த மாடியில உக்காந்திருக்காங்கன்னு மட்டும் சொல்லுங்க."

"அவங்க தலைநகர்ல இருக்காங்க, ஹோலா. துஷான்பேல. மலையைத் தாண்டிப் போகணும்."

"போவோம்," என்றாள் ரஜப்மோ. "பர்வோனாவுக்குப் பிரசவம் ஆகட்டும், அப்புறம் போவோம்."

பர்வோனாவுக்கு மார்ச் மாதம் பெண் குழந்தை பிறந்தது, மூன்று கிலோ இருநூறு கிராம். ஏப்ரலில் வேன் கிளம்பியது. ஏழு மஞ்சள் அட்டைக்காரர்கள், ரஜப்மோ, பதிவேட்டோடு நான். மவ்சூனா அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லிக்கொண்டு வந்தார்.