பூசண வாடை

"கை வெரலெல்லாம் ஏன் இப்படி வெந்து கெடக்குது?"

வாசலில் சேலைகளைச் சுற்றிப் பிடித்திருந்த மறைப்புக்குள்ளிருந்து அந்தக் குரல் வந்தது. இறந்துபோன சம்பூரணத்துக்குத் தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்தார்கள். கேட்டது அவள் தம்பி கதிர்வேலின் மனைவி பிரவீனா.

பந்தலுக்குக் கீழே உட்கார்ந்திருந்த சம்பூரணத்தின் கணவர் சண்முகவேல் தலையைத் தூக்கவில்லை. தண்ணீர் ஊற்றும் சத்தம் கொஞ்சம் நின்றது.

"சோப்புத் தண்ணியிலயே கெடந்த கை. அப்பிடித்தான் இருக்கும். ஊத்துங்க" என்றாள் வயதான ஒருத்தி.

"சோப்புக்குத் தோல் உரியாதுங்க. நகத்துக்குள்ள வேற கறுப்பா இருக்குது."

அது வித்யாவின் குரல். கல்லூரி விடுதியிலிருந்து நேற்று இரவுதான் வந்து இறங்கியிருந்தாள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருப்பது மகள்தான் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

மல்லசமுத்திரத்தில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருப்பவர் சண்முகவேல். வெள்ளைச் சட்டை தவிர வேறு போட்டதில்லை. மூன்று வருடத்துக்கு முன்பு முன்பக்கம் கதவு வைத்த வாஷிங் மெஷின் ஒன்றை வாங்கி, ஜன்னல் இல்லாத பாத்ரூமில் வைக்கச் சொன்னார். பின்பக்கம் காற்றாட வைக்கலாமே என்றாள் சம்பூரணம். எலி கடிக்கவா என்று கேட்டார். துவைத்து முடித்ததும் உள்ளே ஈரம் காயட்டும் என்று அவள் கதவைத் திறந்து வைப்பாள். குளிக்கப் போகிறவருக்கு அது முழங்காலில் இடிக்கும். ஓங்கிச் சாத்துவார். அடுத்த மழைக்காலத்தில் கதவோரத்து ரப்பர் வளையத்தின் மடிப்பில் தண்ணீர் தேங்கிக் கறுப்பாகப் பூசணம் பிடித்தது. பழைய டூத் பிரஷ்ஷை வைத்துத் தேய்த்தாள். எலுமிச்சம்பழம் பிழிந்து பார்த்தாள். ஆப்ப சோடாவைப் போட்டு வெந்நீரில் வெறும் மெஷினை ஓட்டிப் பார்த்தாள். பத்து நாள் போகும். மறுபடி வந்துவிடும், துவைத்த துணியிலெல்லாம் அதன் வாடை ஏறும்.

நேற்றுக் காலை, போட்ட சட்டையைக் கழற்றி அவள் மேல் எறிந்தார். முந்தின நாள் ஒரு கல்யாணப் பந்தியில், பக்கத்தில் உட்கார்ந்தவர் மூக்கைத் தடவிக்கொண்டே எழுந்து வேறு இலைக்குப் போய்விட்டாராம்.

"ஒரு மெசினச் சுத்தமா வெச்சுக்கத் துப்பில்ல. சாயங்காலம் நான் வாரப்ப இந்த நாத்தம் இருந்துச்சுன்னா, அதையும் உன்னையும் ஒரே வண்டில ஏத்தி மேச்சேரிக்கு அனுப்பீருவேன்."

மேச்சேரி அவள் பிறந்த ஊர். அவள் சட்டையை எடுத்து உதறினாள். "சரிங்க" என்றாள். அதுதான் அவரிடம் அவள் கடைசியாகப் பேசியது.

பதினோரு மணிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்தது. அவர் போய்ச் சேர்ந்தபோது பாத்ரூமுக்கு வெளியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூச்சு விசில் போலக் கேட்டது. வித்யாவைப் பெற்றதிலிருந்தே அவளுக்கு வீசிங் உண்டு. குழாய் ஓடிக்கொண்டிருந்ததால் நிறுத்துவதற்காக அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். கண் எரிந்தது, தொண்டை கமறியது. தரையில் ப்ளீச்சிங் பவுடர் பாக்கெட். பக்கத்திலேயே கக்கூஸ் கழுவும் ஆசிட் பாட்டில். ரப்பர் வளையம் பாதி வரைக்கும் வெளுத்திருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "ஆசிட் வாடை, மருந்து வாடை ஏதாச்சும் உள்ள போச்சாங்க?"

"இல்லீங்க. பழைய வீசிங்தானுங்க."

போச்சு என்று சொல்லியிருந்தால், வீசிங் உள்ளவள் அதை ஏன் தொட்டாள் என்பதுதான் அடுத்த கேள்வியாக இருந்திருக்கும். மூன்று மணிக்கு மூச்சு அடங்கியது. வீட்டுக்கு வந்ததும் பாக்கெட்டையும் பாட்டிலையும் எடுத்துக் கொண்டுபோய்ச் சாக்கடையில் எறிந்தார்.

தண்ணீர் வார்த்து முடித்து அவளை உள்ளே எடுத்துப் போனார்கள். அந்த நேரத்தில் மாலையோடு வந்தான் அன்பரசு, மெஷின் மெக்கானிக். மாலையைக் கொடுத்துவிட்டு அவர் பக்கத்தில் நின்றான்.

"போன வாரம் கூட அக்கா போன் பண்ணுனாங்களுங்க. ரப்பரையே மாத்தீரலாம், மெசினப் பின்னால காத்தாட வெச்சுட்டுக் கதவத் தொறந்தே போட்டீங்கன்னா திரும்ப வராதுன்னு சொன்னேன். அவரக் கேட்டுட்டுச் சொல்றேன்னாங்க."

அவள் கேட்டாள்தான். அவர் யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தார். போ என்பதுபோல் கையை ஆட்டினார்.

"நேத்துக் காலைல மறுபடியும் கூப்புட்டாங்க. சனிக்கெழமை வாரேனுங்கக்கான்னேன். அதுவரைக்கும் ஆகாது, இன்னைக்கே போகோணும், எதப் போட்டாப் போகும்னாங்க. ப்ளீச்சிங் பவுடரக் கொஞ்சமாக் கரைச்சுத் தொடைங்கன்னேன். ஆசிட்டோட மட்டும் கலந்தராதீங்க, வெசப்பொக வரும்னு சொல்றதுக்குள்ள போன வெச்சுட்டாங்க. திரும்பக் கூப்புட்டிருக்கோணும் நானு. வேலையில மறந்து போச்சுங்க." அவன் தயங்கினான். "அக்கா கலக்கலீங்கல்ல?"

சண்முகவேல் நிமிர்ந்தார். அன்பரசுக்குப் பின்னால் வித்யா நின்றிருந்தாள். பாவாடை முழங்கால் வரை நனைந்திருந்தது.

"டாக்டர் கேட்டாராப்பா?" என்றாள்.

"என்னத்த?"

"எதாச்சும் மோந்தாங்களான்னு."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"சொன்னேன். சொல்லாம இருப்பனா?"

வித்யா அவருடைய கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. கதிர்வேல் உடல்மேல் போர்த்தப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடு வந்து, "கோடி போடோணும், உள்ள வா சாமி" என்று அவளைக் கூட்டிக்கொண்டு போனான். அன்பரசு செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தான்.

மத்தியானம் இரண்டு மணிக்கெல்லாம் எல்லாம் முடிந்துவிட்டது. மயானத்திலிருந்து வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பின்பக்கக் குழாயில் குளித்தார்கள். சண்முகவேல் குளித்துவிட்டு, ஈர வேட்டியை எப்போதும்போல் தரையில் விட்டுவிட்டு வேறு கட்டிக்கொண்டார்.

வித்யா துவைகல் முன்னால் உட்கார்ந்தாள். பிரவீனா வேண்டாமென்று சொல்லியும் கேட்கவில்லை. மாமனின் வேட்டி, சித்தப்பாக்களின் துண்டுகள், மறைப்புக்குப் பிடித்த சேலைகள், அம்மா நேற்று உடுத்தியிருந்த நைட்டி எல்லாவற்றையும் அடித்துத் துவைத்தாள். அலசினாள். கொடியில் இடம் விடாமல் போட்டாள். பங்குனி வெயிலில் துணிகளிலிருந்து சொட்டச் சொட்டவே ஆவி பறந்தது.

வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அவரைத் தாண்டி உள்ளே போனாள்.

அவருடைய வேட்டி கிடந்த இடத்திலேயே கிடந்தது. அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். உள்ளேயிருந்து வந்த பிரவீனா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதைத் தாண்டிப் போனாள்.

சண்முகவேல் குனிந்து அதை எடுத்தார். தண்ணீர் குடித்துக் கனத்தது. எந்த முனையைப் பிடிப்பதென்று தெரியாமல் நடுவில் பிடித்து முறுக்கினார். பாதித் தண்ணீர் அவர் பாதத்தின்மேல் விழுந்தது. மீதி துணியிலேயே இருந்தது.